யதுவின் காலுக்குச் சொக்ஸ் தேடிய கதை

1. பையோடு வந்த தாய்

அன்று திங்கட்கிழமை, எங்கள் நிலையத்தில் சிறுபிள்ளைகளின் கிளினிக் நாள். சுகந்தினி உள்ளே வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. கையில் இருந்த துணிப்பையை என் மேசையில் வைத்தார்.

"மிஸ், இது எங்களுக்கு வேண்டாம். வேற ஆற்றையும் பிள்ளைக்குப் போடுங்கோ."

பைக்குள் ஒரு சோடி பிரேஸ். மூன்று கிழமைக்கு முன் நானே பிள்ளையின் காலில் ஈரப் பிளாஸ்டர் சுற்றி மோல்ட் எடுத்து, பிளாஸ்டிக்கைச் சூளையில் இளக்கி, இழுத்துச் செய்தவை. பின்காலையும் உள்ளங்காலையும் ஒரு தொட்டில்போலத் தாங்கும். முன்பக்கம் பிளாஸ்டிக் கிடையாது, ஒட்டுப்பட்டிகள் மட்டும்தான். ஓரங்களைக் கண்ணாடிபோல மினுக்கியிருந்தேன். எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

கிளிநொச்சியில் செயற்கைக் காலும் பிரேஸும் செய்கிற வேலையில் என் தலை நரைத்துவிட்டது. தொடக்க காலத்தில் வந்தவர்கள் எல்லோரும் பெரியவர்கள். பெரியவருக்கு நோவு என்றால் எந்த இடம், எப்படி என்று சொல்லிவிடுவார். சுகந்தினியின் மகள் யதுவுக்கு நாலு வயது. அவளுக்குத் தெரிந்தது கத்துவது மட்டும்தான்.

யதுசிகா என்பது முழுப்பெயர். குறைமாதத்தில் பிறந்தவள். இரண்டு கெண்டைக்கால் தசையும் இறுகி, குதி நிலத்தில் படாமல் நுனிக்காலில் நடப்பாள். கணுக்காலை நேராகப் பிடித்து வைத்திருக்கத்தான் பிரேஸ்.

"போட்ட உடன கத்துறாள் மிஸ்" என்றார் சுகந்தினி. "கழட்டினால் கால் எல்லாம் சிவந்து கிடக்கு. நேற்று பிரேஸைக் கண்ட உடன கட்டிலுக்குக் கீழ பூந்திட்டாள். இழுத்து எடுக்கேலாமல் போச்சு."

"டொக்டர் சொன்னது ஞாபகம் இருக்குதானே?"

"ஓம் மிஸ். தசை இன்னும் இறுகினால் ஒப்பரேசன். எனக்குத் தெரியும். ஆனால் அவள் அழ அழ நான் எப்பிடிக் கட்டுறது?"

அவருக்கும் கண் நிறைந்துவிட்டது. விசுவமடுவிலிருந்து ஒரு நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவர். இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் நான் ஹீட் கன்னால் கணுக்காலடியில் சூடுகாட்டி விரித்துக் கொடுத்தேன், ஓரத்தைக் கிரைண்டரில் குறைத்தும் கொடுத்தேன். இரண்டு தடவையும் "இனிச் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பினேன்.

எங்கள் பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு தரம் திருத்தியும் சரிவரேல்லையெண்டால் மோல்ட் பிழை. புதுசா எடுங்கோ."

மோல்ட் என்ற சொல்லைக் கேட்டவுடன் யது தாயின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தாள். ஈரப் பிளாஸ்டர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"சேர், எனக்குப் பின்னேரம் வரைக்கும் நேரம் தாங்கோ" என்றேன். எதை நம்பிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

2. மூன்று கோடுகள்

முதலில் பிள்ளையின் காலைக் கையில் எடுத்து ஆறுதலாகப் பார்த்தேன். காலையில் பஸ்ஸில் வரும்போதும் பிரேஸ் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கழற்றி ஒரு மணித்தியாலம் ஆகியும் சிவப்பு அப்படியே இருந்தது. சாதாரணமான சிவப்பு அரை மணித்தியாலத்துக்குள் மறைந்துவிட வேண்டும்.

பிரேஸ் பிழையென்றால் எலும்பு புடைத்த இடங்களில்தான் சிவக்கும்: கணுக்கால் மொழி, குதி, பெருவிரலின் அடி. யதுவுக்கோ விரல்களின் மேலே குறுக்காக ஒரு கோடு. கணுக்காலின் முன்பக்கம் சாய்வாகச் சில கோடுகள். அந்த இரண்டு இடத்திலும் பிளாஸ்டிக்கே கிடையாதே!

இதை ஏன் முதல் இரண்டு தடவையும் நான் காணவில்லை? பிழை என் வேலையில்தான் இருக்கும் என்று பிரேஸையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலைச் சரியாகப் பார்க்கவில்லை.

என் மேசை லாச்சியில் ஒரு பழைய லிப்ஸ்டிக் எப்போதும் இருக்கும். செயற்கைக் கால் எங்கே அழுத்துகிறது என்று கண்டுபிடிக்க உள்ளே பூசுவோம். அதை எடுத்ததும் யது பாவாடைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள்.

"எனக்கு?"

"முதல்ல காலுக்கு. பிறகு வாய்க்கு. சரியோ?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் காலை நீட்டினாள். ஒட்டுப்பட்டியின் உட்பக்கம் லிப்ஸ்டிக்கைப் பூசினேன். அவள் கொண்டுவந்த வெள்ளைச் சொக்ஸைப் போட்டு, பிரேஸைக் கட்டி, நடை பழகும் பரலல் பாரைப் பிடித்து நிற்க வைத்தேன். முகம் சுருங்கியது. என்றாலும் லிப்ஸ்டிக்கை நினைத்து நின்றாள். பட்டியைக் கழற்றினேன்.

சொக்ஸ் சுருக்கமில்லாமல் இருந்திருந்தால் சிவப்பு ஒரு திட்டாகப் படிந்திருக்கும். மூன்று கோடுகளாகப் படிந்திருந்தது. துணி சுருங்கி, மடிப்பு மடிப்பாக ஏறி நின்ற இடங்களில் மட்டும் நிறம்.

நான் வாயைத் திறக்க முதல் சுகந்தினி அந்தச் சொக்ஸைக் கழற்றி எடுத்து, ஒரே இழுவையில் உட்புறம் வெளியே வரப் புரட்டினார். விரல்நுனிப் பக்கத் தையலில் பெருவிரலை ஓட்டினார். அவருடைய முகம் மாறியதை நான் கண்டேன்.

"மிஸ், இது ஓவர்லொக் தையல். இஞ்ச பாருங்கோ, என்ன மொத்தம், கயிறு மாதிரி. எங்கட லைன்ல ஒரு பேபி உடுப்பு இப்பிடி வந்தால் நான் ரிஜெக்ட் போட்டிருப்பன்."

"எந்த லைன்?"

"நான் கார்மென்ற்ஸில செக்கிங் மிஸ். நாள் முழுக்கத் தையல்தான் தடவுறனான்." சொல்லிவிட்டு மறுபடியும் அந்தத் தையலில் விரலை வைத்தார். "என்ர பிள்ளையின்ர சொக்ஸை மட்டும் தடவிப் பாக்கேல்லையே."

பிறகு குதிப் பக்கத்தைக் காட்டினார். குதிக்கென்று பின்னிய பகுதி யதுவின் குதியில் இல்லை, கணுக்காலுக்கு மேலே நின்றது. வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கியிருக்கிறார். மிஞ்சிய துணியெல்லாம் பட்டிக்குக் கீழே சுருண்டிருக்கிறது. போதாததற்கு நைலோன். வன்னி வெயிலில் பிளாஸ்டிக்குக்குள் நைலோன் போட்டால் கால் அவிந்து போகும். ஊறிய தோலில் ஒரு நூல் உரசினாலும் வெட்டும்.

ஆனால் சொக்ஸைப் பற்றி அவருக்கு நான் என்ன சொல்லியிருந்தேன்? "உள்ளுக்கு ஒரு சொக்ஸ் போட்டுக் கட்டுங்கோ." அவ்வளவுதான். எந்தத் துணி, எந்த அளவு, எவ்வளவு நீளம் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. செயற்கைக் கால் போடும் பெரியவர்களுக்கு உள்ளே போடுகிற உறையைப் பற்றி அரை மணித்தியாலம் வகுப்பெடுக்கிற ஆள் நான்!

"பிழை என்னிலதான் சுகந்தினி" என்றேன். "வாங்கோ, பஜாருக்குப் போவம்."

சொன்னபடி யதுவின் வாய்க்கு லிப்ஸ்டிக் பூசிவிட்டுத்தான் புறப்பட்டோம்.

3. கடை கடையாக

எனக்கு இருந்த பரபரப்பில் மத்தியானச் சாப்பாடு மறந்துபோனது. ஏ-9 வீதியின் இரண்டு பக்கமும் ஏறி இறங்கினோம். யதுவைத் தாயும் நானும் மாறி மாறித் தூக்கினோம்.

முதல் கடையில் பள்ளிக்கூடச் சொக்ஸ்தான் இருந்தது. எல்லாம் நைலோன். இரண்டாவது கடையில் லேஸ் வைத்த பார்ட்டிச் சொக்ஸ். யதுவுக்குக் கண் விரிந்தது, ஆனால் அந்த லேஸே பிரேஸின் மேல் விளிம்பில் அகப்பட்டுக் கடிக்கும். இன்னொரு கடையில் மெல்லிய பருத்தி கிடைத்தது, தையலும் நல்லது. ஆனால் கணுக்காலோடு நின்றது. பிரேஸ் முழங்காலுக்குக் கீழே வரை வரும். சொக்ஸ் அதற்கு மேலும் இரண்டு விரல் உயர வேண்டும், விளிம்பின்மேல் மடித்துவிடலாம். இல்லையென்றால் பிளாஸ்டிக் நேரே தோலில் உரசும்.

நாலாவது கடை பழைய கடை. உரிமையாளர் வயதானவர், சொக்ஸை இன்னும் மேசு என்றுதான் சொல்வார். சுகந்தினி ஒவ்வொரு சோடியையும் எடுத்து, புரட்டி, முஷ்டியில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு தையலைத் தடவினார். ஐந்தாவது சோடியைப் புரட்டும்போது கடைக்காரர் பொறுமை இழந்தார்.

"தங்கச்சி, வாங்கிறதெண்டால் வாங்குங்கோ. எல்லா மேசுகளையும் உரிச்சுப்போட்டுப் போனால் பிறகு ஆர் வாங்குவினம்?"

சுகந்தினி யதுவின் காலைத் தூக்கிச் சிவந்த கோட்டைக் காட்டினார். "ஐயா, இந்தத் தையல் செய்த வேலை இது. பிள்ளை பிரேஸ் போடாட்டால் குதி ஊண்டி நடக்கமாட்டாள்."

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு ஏணியை இழுத்தார். மேல்தட்டிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கினார். இப்போது அவரே புரட்டினார், அவரே தடவினார்.

"இது?"

"மொத்தம் ஐயா."

"இது எப்பிடி?"

"தையல் சரி, ஆனால் மேல் இலாஸ்டிக் இறுக்கம். காலில வளையம் விழும்."

கடைசியாக மூலையிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டி வந்தது. "கனடா போறவைக்கெண்டு எடுத்தது. பெரியாக்களின்ர முடிஞ்சுது. சின்னப் பிள்ளையளின்ர ரெண்டு சோடிதான் மிச்சம். இந்த வெக்கைக்கு முழங்கால் வரைக்கும் ஆர் போடுவினம்?"

ஒரு சோடி பச்சை, ஒரு சோடி மஞ்சள். சுகந்தினி பச்சையைப் புரட்டினார். பெருவிரலை ஓட்டினார். நின்றார். மறுபடியும் ஓட்டினார்.

"மிஸ், தையல் தெரியேல்லை."

நான் என் விரலை விட்டேன். உண்மைதான்! விரல்நுனி மட்டமாகப் பின்னி முடிக்கப்பட்டிருந்தது. மெல்லிய பருத்தி, கொஞ்சம் இழுபடும். குதி யதுவின் குதியிலேயே போய் நின்றது. நாங்கள் இருவரும் கடைக்குள் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

இரண்டு சோடியையும் வாங்கிக்கொண்டு நிலையத்துக்கு ஓடாத குறையாகப் போனோம். பச்சையைப் போட்டு, ஒரு சுருக்கமும் இல்லாமல் கையால் தடவி இழுத்துவிட்டேன். குதியைப் பிரேஸின் அடியில் நன்றாக அமத்தி, முதலில் கணுக்கால் பட்டி, பிறகு மேல் பட்டி. யது கத்துவதற்கு வாயைத் திறந்து வைத்திருந்தாள். கத்தவில்லை. காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயை மூடினாள்.

அரை மணித்தியாலம் பரலல் பாருக்குள் முன்னும் பின்னும் நடந்தாள். கழற்றினோம். மெல்லிய இளஞ்சிவப்பு. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, சுகந்தினி பிள்ளையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் தோல் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது.

"சேர், மோல்ட் சரி!" என்று ஒஃபிஸ் வரை கேட்கச் சொன்னேன்.

4. தகப்பனின் கைங்கரியம்

இரண்டு கிழமை நல்ல செய்தியாக வந்தது. பிறகு ஒரு பின்னேரம் தொலைபேசி. சுகந்தினியின் குரல் உடைந்திருந்தது.

"மிஸ், திரும்பவும் சிவந்திட்டுது. முந்தினதை விட மோசம்."

அப்படியென்றால் நான் கண்டுபிடித்தது எல்லாம் பிழையா? மோல்ட்தான் பிழையா? அடுத்த நாள் காலையிலேயே வரச் சொன்னேன். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கணவர் ரஜீவன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். மிளகாய்த் தோட்டம் செய்கிறவர், கதை குறைவு.

யதுவின் பிரேஸ் பட்டி வழமையான இடத்தில் ஒட்டவில்லை, நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றினேன். உள்ளே மஞ்சள் சொக்ஸ். அதை இழுத்தேன். அதற்குள் பச்சைச் சொக்ஸ்!

"இது என்ன அண்ணை?"

ரஜீவன் தலையைச் சொறிந்தார். "அவாக்கு வெள்ளன வேலை. நான்தான் பிள்ளையை உடுத்தி வெளிக்கிடுத்திறனான். பிள்ளை பச்சையும் வேணும், மஞ்சளும் வேணுமெண்டு நிலத்தில கிடந்து அழுதவள். அழக்கூடாதெண்டுதானே நீங்கள் சொன்னனீங்கள்? ரெண்டையும் போட்டனான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நிம்மதி ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். இரண்டு சொக்ஸ் போட்டால் பிரேஸ் இறுகும், ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் சுருங்கும் என்று விளங்கப்படுத்தினேன். அவர் தலையாட்டினார். யது தலையாட்டவில்லை.

"ரெண்டும் வேணும்" என்றாள்.

நான் யோசித்துக்கொண்டிருக்க, ரஜீவன் பச்சையில் ஒன்றை எடுத்து வலது காலில் போட்டார், மஞ்சளில் ஒன்றை எடுத்து இடது காலில் போட்டார். யது இரண்டு காலையும் நீட்டிப் பார்த்தாள். "இது கிளி. இது வாழைப்பழம்" என்றாள். பேச்சு முடிந்தது.

மற்ற இரண்டும் அடுத்த நாளுக்கு. பின்னேரம் தோய்த்து, விடியக் காய்ந்ததைப் போட்டால் வியர்வை ஊறாது. அதையும் அவரே சொன்னார்.

5. குதியின் சத்தம்

மூன்று மாதத்துக்குப் பிறகு டொக்டர் கோணமானி வைத்துக் கணுக்காலை அளந்தார். தொடக்கத்தில் செங்கோணத்துக்கே வராத பாதம் இப்போது அதைத் தாண்டி மேலே மடிந்தது. இப்போதைக்கு ஒப்பரேசன் பேச்சு வேண்டாம் என்றார். பிரேஸ் தொடர்ந்து போட வேண்டும், வளர வளர மாற்ற வேண்டும். அது நீண்ட வேலை.

அளந்து முடிந்ததும் யது வெறுங்காலோடு கட்டிலில் இருந்து இறங்கி வாசலுக்கு ஓடினாள். நுனிக்காலில் ஓடுகிற பிள்ளைக்குக் காலடிச் சத்தம் இருக்காது. அன்று சீமெந்து நிலத்தில் "தொப், தொப்" என்று கேட்டது. குதி படுகிறது! சுகந்தினி என் கையைப் பிடித்து நோகும்படி நெரித்தார். நானும் நெரித்தேன்.

இப்போது மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, லீவு கிடைத்தால், மற்றத் தாய்மாருக்கு உதவச் சுகந்தினி எங்கள் கிளினிக்குக்கு வருகிறார். போன முறை ஒட்டுசுட்டானிலிருந்து வந்த ஒரு தாய் துவாய்போல் மொத்தமான சொக்ஸ் கொண்டுவந்திருந்தார், பிள்ளைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று. சுகந்தினி அதைப் புரட்டி அந்தத் தாயின் கையில் மாட்டிவிட்டார். "கண்ணை மூடிக்கொண்டு தடவுங்கோ அக்கா. உங்கட விரலுக்கு என்ன தெரியுதோ அதுதான் பிள்ளைக்கும் தெரியும்."

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் நான் சொல்வது இதுதான். பிள்ளை அழுதால் ஹீட் கன்னை எடுக்க முதல் சொக்ஸைக் கழற்றிப் புரட்டிப் பாருங்கள். எங்கள் படிவத்தில் தாயின் தொழில் என்று ஓர் இடம் இருக்கிறது. யதுவின் படிவத்தில் "ஆடைத் தொழிற்சாலை" என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். எழுதினேனே தவிர, அதைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முதல் நாளே கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை மூன்று கிழமை அழுதிருக்காது. இப்போது நான் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.