மாமா பல் தேய்த்த ருத்தேனியம்

என் கையெழுத்து வரி பிடித்து நிற்காது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பிழைகளும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம் என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில், அப்பாவின் தங்கையான என் அத்தை திருச்சியில் ஒரு காலேஜில் ரசாயன ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருந்துதான் தினமும் பஸ்ஸில் போய் வருவாள். அவளை அம்மாவின் தம்பிக்குக் கொடுப்பதென்று பேசியிருந்தார்கள். மாமாவுக்கு முசிறியில் வாழைத் தோட்டம். அத்தைக்கு மாமாவைப் பிடித்திருந்தது. ஆனால் முசிறிக்குப் போய்விட்டால் ஆராய்ச்சி பாதியில் நின்றுவிடும். ஒரு வருஷம் பொறுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை.

"நாள் பூரா அங்க என்னதான் பண்றே?" என்று அப்பா கேட்டதற்கு, ஒரு மாலை சின்ன பாட்டிலில் கறுப்புப் பொடியைக் கொண்டுவந்து காட்டினாள். பார்க்கக் கரித்தூள். அதில் ருத்தேனியம் என்ற அபூர்வ உலோகம் கண்ணுக்குத் தெரியாத துகளாக ஒட்டியிருக்கிறதாம். லேசில் சேராத இரண்டு பொருள்களைச் சேர்த்துவைத்துவிட்டு, தான் மட்டும் மாறாமல் வெளியே வந்துவிடுமாம்.

"கல்யாணத் தரகர்னு சொல்லு," என்றார் அப்பா.

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாட்டிலைக் கொல்லைப்புற ஜன்னலில் வைத்தவள் அங்கேயே மறந்துவிட்டாள்.

மறுநாள் முகூர்த்தம் குறிக்க மாமா முதல் பஸ்ஸிலேயே ஒரு பூவன் தாரோடு வந்து இறங்கினார். பல் தேய்க்காமல் காப்பியைத் தொடமாட்டார். ஊரில் அவருக்குக் கரிப்பொடிதான் பழக்கம். நேராகக் கொல்லைக்குப் போனார்.

அத்தை போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடினோம். காலிப் பாட்டிலும் கறுத்த வாயுமாக மாமா நின்றார்.

"கொஞ்சம் முழுங்கிட்டேனே!"

"வாயக் கொப்புளிங்க மொதல்ல. தங்கத்தையே கரைக்கிற ராஜ திராவகத்தால இத ஒண்ணும் பண்ண முடியாது. உங்க வயிறு என்ன பண்ணிடும்? வந்த வழியே போயிடும்," என்றாள் அத்தை. பிறகு காலிப் பாட்டிலைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது இல்லாம எப்படிங்க முடிப்பேன்? மறுபடி வரவழைக்க ஒரு வருஷம் ஆகும்," என்றாள்.

"உன் கல்யாணத்த நீயே தேச்சுத் துப்பிட்டியேடா!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "என்னாலதான்க்கா கெட்டது. அடுத்த வைகாசில வச்சுக்கலாம். அவங்க முடிக்கட்டும்." காப்பிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

அன்று எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. அத்தை என்னையும் காலேஜுக்குக் கூட்டிப்போனாள். நடந்ததைக் கேட்ட அவளுடைய வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வேலை முடிஞ்சு ஒதுக்கி வச்ச பொடிதானேம்மா அது? புதுசு அலமாரியில அப்படியே இருக்கே!"

"ஆமா சார்," என்று தலையைக் குனிந்துகொண்டாள் அத்தை.

புதுப் பொடி இருப்பதை வீட்டில் சொல்ல அத்தை மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். பாவம், மாமா அல்லவா வருத்தத்தில் இருக்கிறார்! அடுத்த வாரம் அவர் வந்ததும் வாசலிலேயே மறித்து எல்லாவற்றையும் சொன்னேன். மாமா என்னையே பார்த்தார். மெல்லச் சிரிப்பு வந்தது.

"இத வேற யார்கிட்டயும் சொல்லாத, என்ன?"

பிறகு உள்ளே போய் அம்மாவிடம், "அடுத்த வைகாசிதான்க்கா. அதுல மாத்தமில்ல," என்றார். அடுக்களையிலிருந்து அத்தை காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தார்.

பொடிதான் இருக்கிறதென்று தெரிந்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்த மனிதர் ஒரு வருஷம் காத்திருக்கப்போகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள், ஸ்ரீரங்கத்தில் எழுதியது.