சிறிய கறைத் தட்டான்

மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிறு காலை, மகளும் நானும் புன்னைக்காயல் பக்கம் தட்டான் பார்க்கப் போனோம். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பிடிக்க மாட்டாள், படம் எடுத்து, இன்ன வகை என்று கண்டுபிடிப்பதோடு சரி. எனக்குச் சிவப்பாக இருந்தால் எல்லாம் ஒன்றுதான். அவளுக்கு அதிலும் வேறுபாடு உண்டு. பின் இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் ஒரு கறை இருக்கும். பெரிதாக இருந்தால் ஒரு வகை, பொட்டு மாதிரி இருந்தால் கடலோரத்தில் திரியும் வேறு வகை. அந்தச் சிறிய கறையை அவள் அதுவரை பார்த்ததில்லை.

கழிமுகத்தின் ஓரத்தில் காய்ந்த குச்சியொன்றின் நுனியில் சிவப்பாக ஒரு தட்டான் உட்கார்ந்திருந்தது. கேமரா என் கையில். அவள் முன்னால் இறங்கிக் குனிந்து பார்த்தாள்.

“ஏளா, அசையாத. பறந்துரும்.”

நின்றாள். காற்றில் குச்சி ஆடியது.

“யப்பா.”

“பேசாத.”

கொஞ்சம் கழித்து, மெதுவாக, “யப்பா, கறை தெரியுதா?”

“கொஞ்சம் இருளா, படம் எடுத்துக்கிறேன்.”

படம் தெளிவாக விழுந்த பிறகுதான் நிமிர்ந்தேன். அவளுக்கு முழங்காலுக்கு மேல் சேறு. அவ்வளவு நேரமும் புதைந்துகொண்டே இருந்திருக்கிறாள். நான் சொன்னேன் என்பதற்காகக் கையைக்கூட வீசவில்லை.

மேலே காய்ந்து வெடித்த மண், அடியில் கடல் தண்ணீர் ஏறி ஊறிய களி. இந்தக் கரையில் பிறந்த எனக்குத் தெரியாததா அது? குப்புறப் படுத்து, கேமரா வாரை அவள் கையில் சுற்றி இழுத்தேன். செருப்பு உள்ளேயே போய்விட்டது. கரையேறியதும் அவள் கேட்டது, “கறை சின்னதா?”

சின்னதுதான்.

வீட்டில் அவள் காலைப் பார்த்த மனைவி, “பூச்சியப் பாத்தீயளே, புள்ளையப் பாக்கலியா?” என்றாள்.

“நாந்தாம்மா வழுக்கிட்டேன்” என்று மகள் முந்திக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. இன்றுவரை மறுக்கவில்லை.

போன வாரம் மாப்பிள்ளையூரணியில், குளத்துப் படிக்கட்டில் நின்றோம். அவள் காலருகே தட்டான் ஒன்று வந்து உட்கார்ந்தது. அவள் அப்படியே விறைத்து நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

“யப்பா, அசையலாமா?”

கீழே கருங்கல். ஆனாலும் முதலில் அவள் காலைத்தான் பார்த்தேன். கேமராவை இறக்கினேன்.

“அசைஞ்சுக்கோளா.”

காலை மாற்றி வைத்தாள். அது பறந்துவிட்டது. என்ன வகை என்று இருவருக்கும் தெரியவில்லை.