முப்பத்தாறு புள்ளி நாலு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். எனக்கு வந்தது காலை 7.52க்கு, நல்ல வெயிலில்.

தொற்றுக் காலம். ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியின் கேட்டில் நான் வாட்ச்மேன். உள்ளே போகிற ஒவ்வொருவர் நெற்றியிலும் காய்ச்சல் துப்பாக்கியைக் காட்டி, பெயரையும் நேரத்தையும் சூட்டையும் ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாம் வாரமே பேட்டரி தீர்ந்துவிட்டது. மேனேஜரிடம் சொன்னேன்.

“அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். சும்மா காட்டிட்டு 36.4ன்னு எழுதுய்யா. ஆர்டர் நிக்குது.”

எழுதினேன். நூற்றுப்பத்துப் பேருக்கும், தினமும், அதே 36.4. ஏதோ எல்லோரும் ஒரே வயிற்றில் பிறந்த மாதிரி.

பசை மெஷினில் ஒருவர் இருந்தார். ஓயாமல் பேசுவார், அதனால் பெயர் ‘ரேடியோ’. ஒன்பதாம் தேதி, கண் சிவக்கக் கேட்டில் வந்து நின்றார்.

“தம்பி, உடம்பு கொதிக்குது. காய்ச்சல்னு எழுதிக் குடு. அதக் காட்டி லீவு கேக்குறேன்.”

மேனேஜர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். செத்த துப்பாக்கியை ரேடியோவின் நெற்றிக்கு நேராகப் பிடித்தேன்.

“36.4. உள்ள போங்கண்ணே.”

அவர் என்னையே பார்த்தார். முகக்கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளே போனார். என் வேலை போய்விடுமே என்ற பயம் எனக்கு. இன்றைக்கும் கண்ணாடியைப் பார்த்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

மறுநாளே மெஷின் பக்கத்தில் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பத்தொன்பதாம் தேதி. மணி 7.52. வரிசை முடிந்து ரெஜிஸ்டரை மூடப் போனேன். எதிரே ரேடியோ.

“அண்ணே! எப்ப வீட்டுக்கு விட்டாங்க?”

பதில் இல்லை. ரேடியோவாவது, பேசாமல் இருப்பதாவது...

முகக்கவசத்தைப் பார்த்தேன். மூச்சுக்கு அது அசையவே இல்லை.

குனிந்து நெற்றியை நீட்டினார்.

பழக்கதோஷம். துப்பாக்கியைத் தூக்கினேன்.

பீப்...

பேட்டரி இல்லை. ஆனாலும் பீப்.

திரையில் 4.0.

என் கை பழகியதையே எழுதியது. 7.52. 36.4. கையெழுத்து.

நிமிர்ந்தேன்.

யாருமில்லை...

அன்று மதியம் அவர் இறந்த செய்தி வந்தது. எப்போது என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

அடுத்த வாரம் அவர் மனைவி நியாயம் கேட்டு வந்தார். மேனேஜர் ரெஜிஸ்டரோடு என்னையும் உள்ளே கூப்பிட்டு, அதை அவர் முன்னால் விரித்தார்.

“நல்லாப் பாருங்கம்மா. உங்க வீட்டுக்காரருக்கு இங்க ஒருநாளும் காய்ச்சல் இல்ல. வெளிய வாங்கிட்டு வந்த நோய்க்குக் கம்பெனி என்ன செய்யும்?”

எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்து. அந்த அம்மாவின் விரல் வரிவரியாக இறங்கி, கடைசியில் நின்றது.

“பத்தொன்பதாம் தேதி காலைல 7.52ன்னு போட்டிருக்கு. அவரு முந்தின நாள் சாயங்காலமே போயிட்டாரு. ராத்திரியெல்லாம் பிணவறையில, நாலு டிகிரி பெட்டியில வச்சிருந்தாங்க. நீங்க யாரு நெத்தியப் பாத்து எழுதுனீங்க தம்பி?”

மேனேஜர் முகம் வெளுத்தது. நான் கையிலிருந்த துப்பாக்கியின் அடிமூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். உள்ளே காலி. எத்தனை மாதமாகக் காலி என்பதையும் சொன்னேன். அன்றே என் வேலை போனது. போகட்டும்.

அந்த அம்மாவின் கேள்விக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை.