டார்ச் செல்லில் பிடித்த ஹெவி மெட்டல்

போன வாரம் என் அண்ணன் சேகரின் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் வெள்ளைக் குடை விளக்கு ஒன்றை விரித்து, மூன்று கால் ஸ்டாண்டில் செல்போனைச் சொருகி, தாடி வைத்த இளைஞர் ஒருவர் அவனைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார். மதுரையின் முதல் ஹெவி மெட்டல் இசைக்குழுவைத் தோற்றுவித்தவர் என்று அறிமுகம் கொடுத்தார். எனக்குக் காபி புரையேறிவிட்டது. தோற்றுவித்தவரைத் திரும்பிப் பார்த்தேன். தலையில் புதுச்சாயம். நெஞ்சில் மண்டையோடு அச்சடித்த கறுப்பு பனியன். ஏதோ ஒரு சர்க்கார் ஆபீசில் முப்பது வருஷம் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி ஓய்வு பெற்ற நெஞ்சு அது.

"வீட்டுலயே, அம்புட்டுக் கம்மிச் செலவுல, அந்த கிடார் சவுண்ட எப்படி சார் கொண்டுவந்தீங்க?"

அண்ணன் கண்களை மூடித் திறந்தான். "எல்லாம் ஒரு வெறிதான் தம்பி."

வெறியாம். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த சவுண்டைக் கொண்டுவந்தது ஈயம் பற்றவைக்கிற ஒரு சால்டரிங் அயர்ன். அதைப் பிடித்திருந்த கை என்னுடையது. ஆனால் அண்ணி பக்கோடா நன்றாகப் போட்டிருந்தார். வாயை அதற்குக் கொடுத்துவிட்டேன்.

அடுப்படியிலிருந்து வந்த கருகல் வாசனைதான் எல்லாவற்றையும் கிளறியது. ஈயம் உருகும்போது அதிலுள்ள பிசின் கருகி ஒரு வாசனை வரும். எண்பதுகளின் நடுவில் என் தாவணி, தலைமுடி, சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில், மைக்செட்காரர்களுக்கு ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுக்கும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். காதுகுத்தோ கட்சிக்கூட்டமோ, அங்கே கத்துவது எங்கள் பெட்டியாகத்தான் இருக்கும். பெட்டி பழுதென்று வருகிறவர்கள், கையில் அயர்னோடு உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்தே கேட்பார்கள், "மெக்கானிக் இல்லையாம்மா?"

அண்ணனின் கூட்டாளி கோபிநாத். சுங்குடிச் சேலை வியாபாரக் குடும்பம். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசல் தாண்டினால் எங்களையும் மிஞ்சிய மதுரைத் தமிழ். கொடைக்கானலில் படித்துவிட்டு தன் நாட்டுக்குத் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்காரப் பையனிடமிருந்து, சிவப்பு எலெக்ட்ரிக் கிடார் ஒன்றையும் நாலு ஹெவி மெட்டல் கேசட்டையும் அவர் வாங்கி வந்தார். ஆம்ப்ளிஃபயர் இல்லாத எலெக்ட்ரிக் கிடார் எப்படி இருக்கும் தெரியுமா? காதோரம் கொசு சுற்றுகிற மாதிரி இருக்கும். ஆனாலும் அவர் அதை மடியில் வைத்து மணிக்கணக்கில் வாசித்துக்கொண்டிருப்பார்.

கேசட்டுகளை ஒரு வாரம் கேட்ட என் அண்ணன், முடிவெட்டுவதை நிறுத்தினான். அதற்கு மேல் அவனுக்குத் தகுதி எதுவும் தேவைப்படவில்லை, தலைவனாகிவிட்டான். வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. தகரப் பெட்டியைத் தட்டுவான், இங்கிலீஷ் மாதிரியான ஒன்றில் கத்துவான். குழுவுக்கு 'தண்டர் ஆஃப் வைகை' என்று பெயர் வைத்தான். வைகையில் கொக்கு நிற்கக்கூடத் தண்ணீர் இல்லாத வருஷம் அது.

கல்லூரி விழா ஒன்றில் மேடை ஏற வேண்டுமென்றால் முதலில் கேசட் அனுப்ப வேண்டும். ஸ்டூடியோவுக்குப் போக வழியில்லை. ஆகவே விளாங்குடியில் இருந்த எங்கள் வீட்டிலேயே பதிவு செய்வதென்று முடிவானது. முடிவெடுத்தது தலைவன். வேலை எனக்கு.

பட்டறையில் நாள் முழுக்க நாங்கள் எதை எதிர்த்து மல்லுக்கட்டினோமோ, அதையே இவர்கள் கேட்டார்கள். கரகரப்பு! பழுதென்று ஜனங்கள் கொண்டுவந்து கொட்டும் அதே கரகரப்பு. எனக்குச் சிரிப்பாக இருந்தது. இரண்டு டயோடுகளை எதிரும் புதிருமாகப் பற்றவைத்து ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடைத்தேன். கழித்துப்போட்ட வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தட்டி எழுப்பினேன். ஸ்பீக்கரைச் சுற்றி நெல்மூட்டைகளை அடுக்கி, மைக்குக்கு அண்ணனின் காலுறையை மாட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோபிநாத்தை வாசிக்கச் சொன்னேன்.

முதல் மீட்டலிலேயே ஜன்னல் கம்பி அதிர்ந்தது. கொசு போய்விட்டது. மலையடிவாரத்தில் லாரி கியர் மாற்றுகிற மாதிரி அடிவயிற்றில் இறங்கும் ஒரு உறுமல். கோபிநாத் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தங்கச்சி... இதுதான். இதேதான்." அந்த வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டு மொத்தமும் அவ்வளவே. போதுமானதாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டேப் ரெக்கார்டரைக் கரண்டில் போட்டால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் பதிந்தது. செல் போட்டுப் பிடிப்போம், ஆறு புதுச் செல் வாங்கி வா என்று அண்ணனை அனுப்பினேன். தலைவன் சிக்கனக்காரன். அக்கம்பக்கத்து டார்ச் லைட்டுகளில் செத்துப்போன செல்களைச் சேகரித்து, மொட்டைமாடியில் வெயிலில் காயவைத்து உயிர்ப்பித்திருந்தான். "வத்தலுக்குப் பக்கத்துல போட்டிருக்கான் கிறுக்குப்பய," என்று அம்மா கீழிருந்து கத்தியது பதிவின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

பதிவு முடிந்ததும், அதே ரெக்கார்டரைக் கரண்டில் போட்டுக் கேட்டோம். கிடார் குதிரை ஓடுகிற மாதிரி ஓடியது. போகப் போக இன்னும் வேகம். மனிதக் கையால் முடியாத வேகம். அண்ணனின் குரல் கதவிடுக்கில் வால் மாட்டிய பூனை மாதிரி கீச்சிட்டது.

"மாப்ள! கை பறக்குதுடா! என் குரலக் கேட்டியா, இதாண்டா ஹெவி மெட்டல்!"

எனக்குக் கேட்டதுமே புரிந்துவிட்டது. காய்ந்த செல்லில் தெம்பில்லாமல், பதியும்போது நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. இப்போது சரியான வேகத்தில் சுற்றும்போது எல்லாமே விரட்டுகிறது. "அண்ணே, செல்லு இறங்கிப்போய்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சால்டர் வைக்கிறதோட நிப்பாட்டிக்க," என்றான்.

கேசட் அட்டையில் தன் கையாலேயே எழுதினான். தலைவர், பாடகர், ஒலி அமைப்பு: சேகர். கிடார்: கோபிநாத். நன்றி: நெல்மூட்டை கொடுத்த பக்கத்து வீட்டு மாமா. மூட்டைக்குக் கிடைத்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

கேசட்டைக் கேட்ட கல்லூரிக்காரர்கள் மயங்கிவிட்டார்கள். இசை தெரிந்தவர்கள் என்று பெயரெடுத்தவர்கள்தான்! உடனே மேடை கொடுத்தார்கள். விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது கோபிநாத் பட்டறைக்கு வந்தார். விரல் நுனிகளில் துணி சுற்றியிருந்தது.

"தங்கச்சி, மறைக்காமச் சொல்லு. அத நானா வாசிச்சேன்? ரெண்டு வாரமா உக்காந்து பாக்குறேன், அதுல பாதி வேகங்கூட வரமாட்டேங்குது. அன்னிக்கு வந்த கை எங்க போச்சுன்னே தெரியல."

சொன்னேன். செல்லையும் சொன்னேன், வெயிலையும் சொன்னேன். அழுவார் என்று பயந்தேன். துணியை அவிழ்த்துக் கீழே போட்டார். "அப்ப என் கைக்கு ஒண்ணும் ஆகல," என்றார். "எனக்கு வர்றத வாசிக்கிறேன். நீ கூட வா."

மேடைக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் வேண்டும். சோழவந்தான்காரர் ஒருவருக்காகச் செய்து முடித்த புதுப்பெட்டி பட்டறையில் இருந்தது. "ஒரே ஒரு சாயங்காலந்தான், காதும் காதும் வச்ச மாதிரி கொண்டாந்து வச்சுரலாம்," என்று அண்ணன் கெஞ்சினான். முதலாளியிடம் கேட்காமல் எடுத்துப்போனேன். அண்ணனைக் கிறுக்கன் என்று சொல்கிற எனக்கு அன்றைக்கு எங்கே போனது புத்தி? கோபிநாத்தின் கிடாரை அந்தப் பெட்டியில் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. அதுதான் நிஜம்.

மேடையில் கோபிநாத் தன் வேகத்தில் வாசித்தார். நிதானமாக, கனமாக, ஒவ்வொரு சுரமும் தனித்தனியே விழுந்து நின்று அடங்கும்படி. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு கூட்டத்திலிருந்து விசில். "கேசட்டப் போடச் சொல்லுடா!" என்றார்கள். அண்ணன் கத்திப் பார்த்தான். சொந்தக் குரல் அவனைக் காட்டிக்கொடுத்தது. ஊளைச் சத்தம் கூடியது. தலைவன் என்ன செய்தான்? பாய்ந்து வந்து பெட்டியின் எல்லாத் திருகுகளையும் கடைசிவரை திருப்பினான். பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்த நான் "அண்ணே, வேணாம்!" என்று எழுந்து வருவதற்குள் பெட்டியின் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்து அடங்கிவிட்டது.

மறுநாள் பட்டறையில் முதலாளி கேட்டார். "யாரு கருக்குனது?" வாசல்வரை வந்த அண்ணன், சைக்கிள் டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபிநாத்தான் உள்ளே வந்தார். "இந்தப் புள்ள மேல தப்பில்லண்ணே. நாங்கதான் கெடுத்தோம்."

"யாரு கருக்குனா என்னப்பா, எடுத்துட்டுப் போனது இந்தம்மாதானே," என்றார் முதலாளி. டிரான்ஸ்ஃபார்மரை நானே புதிதாகச் சுற்றிப் பொருத்திக் கொடுத்துவிட்டு, அயர்னைத் துடைத்து வைத்துவிட்டு வந்தேன். அப்புறம் தொலைபேசி இலாகாப் பரீட்சை எழுதி, வாழ்நாள் முழுக்க அடுத்தவர்கள் பேசுவதற்கு இணைப்புக் கொடுத்தேன்.

அண்ணன் அந்த வாரமே முடி வெட்டிக்கொண்டான். கோபிநாத் சேலைக்கடையில் உட்கார்ந்தார். கிடாரை யாரிடமோ கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பட்டறை இருந்த சந்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். விளாங்குடியில் வயல் இருந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். அண்ணனின் அந்தக் கேசட் மட்டும் பத்திரமாக இருக்கிறதாம், கம்ப்யூட்டரில் ஏற்றி உலகத்துக்கே கேட்கத் தரப்போகிறார்களாம். தாராளமாகத் தரட்டும்.

மேடையில் கோபிநாத் வாசித்த அந்த ஒரு நிமிஷத்தை யாரும் பதிவு செய்யவில்லை. அந்த மைதானத்தில் பதிவு செய்யத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நான் டிரான்ஸ்ஃபார்மர் மேல் கை வைத்து, சூடேறுகிறதா என்று பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.