சாந்தம்மாள் வாயும் சாரணர் முகாம் சட்டமும்

சாந்தம்மாளின் காதில் விழுந்த சேதி அவள் வயிற்றில் தங்கியதாக அந்தத் தேயிலை எஸ்டேட்டில் சரித்திரம் கிடையாது. பக்கத்து வீட்டு ரிஞ்சு உண்டாகியிருப்பது, அவள் புருஷனுக்குத் தெரியும் முன்பே கொழுந்து கிள்ளும் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. யூனியன் தலைவர் பாண்டீஸ்வரன் மீசைக்கு மை பூசுகிற விஷயம், அவர் மே தினக் கூட்டத்தில் மைக்கைப் பிடிப்பதற்குள் கூட்டம் முழுக்கப் பரவியிருந்தது. ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். கண், காது, மூக்கு வைத்துப் பேசுகிற புத்தி அவளுக்குக் கிடையாது. கேட்டதைக் கேட்டபடி சொல்வாள். "சாந்தம்மா சொன்னாளா? அப்போ நெசந்தான்" என்பார்கள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில். அந்த ஒரு பேரில் அவளுக்குப் பெருமை உண்டு.

இப்படிப்பட்டவளைத்தான், பல நாட்டுப் பிள்ளைகள் வந்து கூடுகிற சாரணர் முகாமில் பெண் பிள்ளைகளுக்கு வெந்நீர் போடும் வேலைக்கு எடுத்தார்கள். எடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் வெளியூர். கூடாரங்கள் எஸ்டேட் மைதானத்தில், அண்டாவும் அடுப்பும் குளியலறைகளுக்கு முன்னால் திறந்தவெளியில்.

வேலை தொடங்கும் முன் எல்லாருக்கும் வகுப்பு எடுத்தவள் ஸ்ரீலேகா. பாலக்காடு கல்பாத்திக்காரி, பிள்ளைகளின் பாதுகாப்பு அவள் பொறுப்பு. பெரியவர் யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது, கன்னத்தைக் கிள்ளக் கூடாது என்று சட்டங்களை வரிசையாகச் சொன்னாள். கன்னம் கிள்ளாமல் எப்படிக் கொஞ்சுவது என்று சாந்தம்மாளுக்கு விளங்கவில்லை. ஆனால் அடுத்த சட்டத்தில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு கொழந்தை வந்து ரகசியம்னு ஏதாவது சொன்னா, யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுக்கப்டாது. சொல்லியே ஆகணும்."

"இம்புட்டு நாளும் நான் சட்டப்படிதான் நடந்திருக்கேன்" என்று சாந்தம்மாள் பக்கத்திலிருந்த, துணி துவைக்கும் வேலைக்கு வந்த லயத்துக்காரி செல்வலட்சுமியின் விலாவில் இடித்தாள்.

"ஆனா எங்கிட்ட மாத்திரம்தான் சொல்லணும்" என்று முடித்தாள் ஸ்ரீலேகா. "ஆத்துக்காரர்ட்டகூட மூச்சு விடப்டாது."

சாந்தம்மாளின் முகம் தொங்கிப்போனது. ஒருத்தரிடம் மட்டும் சொல்வதெல்லாம் ஒரு சொல்லா?

முகாம் பாதி கடந்திருக்கும். மலேசியாவிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை ஒன்று வாளியோடு வந்து அண்டா பக்கத்தில் நின்றது. வாளி நிறைந்தும் நகரவில்லை. அந்தப் பிள்ளையின் பெயர் நமக்கு வேண்டாம்.

"ஆன்ட்டி, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"அது மட்டும் என்னால ஆகாது கண்ணு. நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு இந்த எஸ்டேட்ல யாரை வேணும்னாலும் கேட்டுப்பாரு. ஆனா சொல்ல வேண்டிய ஆள்கிட்ட மட்டும்தான் சொல்லுவேன்."

பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்திலேயே அழுதது. பிறகு சொன்னது. வெளியிலிருந்து வந்திருந்த சாரணர் தலைவர் ஒருவர், ஊரெல்லாம் மாலை போடுகிற பெரிய மனிதர், தினமும் அவளுக்குப் போனில் தனியாக எழுதுகிறாராம். போட்டோ அனுப்பு என்கிறாராம். படித்ததும் அழித்துவிடு, வெளியே சொன்னால் உன்னைத்தான் கெட்டவள் என்பார்கள் என்கிறாராம். சாந்தம்மாள் கொஞ்சம் தள்ளித் துணி அலசிக்கொண்டிருந்த செல்வலட்சுமியைக் கூப்பிட்டு அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஸ்ரீலேகாவின் கூடாரம் மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. நடுவில் சமையல்கட்டு. அங்கே காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் லயத்துப் பெண்கள். சாந்தம்மாள் தன்னை அறிந்தவள். மடியிலிருந்த வெற்றிலை முழுவதையும் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு நடந்தாள்.

"என்ன மதினி, ஓட்டமா ஓடுறீக? என்ன சங்கதி?"

"ம்ம்" என்றாள்.

"சங்கதி இருக்குட்டி, முகத்தைப் பாரு!"

"ம்ம்ம்!"

தப்பித்துக் கூடாரத்துக்குள் போய்த் துப்பிவிட்டுச் சொன்னாள். ஸ்ரீலேகா குறுக்கே பேசாமல் கேட்டாள். உடனே அந்தப் பிள்ளையின் பெண் ஆசிரியையை வரவழைத்துத் துணைக்கு அனுப்பினாள். போலீசுக்கும் குழந்தைகள் நலக்காரர்களுக்கும் சொல்ல அவள் போனை எடுத்தபோது, அவள் முறைப்படி சேதி அனுப்பியிருந்த முகாம் பொறுப்பாளர் கிருஷ்ணபிரசாத் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். அவர்தான் அந்தப் பெரிய மனிதரை அழைத்தவர்.

"அவசரப்படாதேயேன் ஸ்ரீலேகா. மனுஷன் நாளன்னைக்கு பிளேன் ஏறிடுவார். முகாம் பேர் என்னாறது? இது நம்மளோட போகட்டும். யார் கேட்டதாக்கும் இதை?"

"இவாதான்" என்று ஸ்ரீலேகா கையைக் காட்டினாள்.

கிருஷ்ணபிரசாத் திரும்பிப் பார்த்தார். முகாமின் முதல் நாள் அவர் ஓடையில் வழுக்கி விழுந்து கால்சட்டை கிழிந்ததும், அதைச் சாந்தம்மாள் பார்த்ததும், மறுநாள் டீக்கடையில் "சாருக்கு ஊசி நூல் வேணுமா?" என்று முன்பின் தெரியாதவர்கள் விசாரித்ததும் அவர் கண்ணில் வரிசையாக ஓடியிருக்க வேண்டும். சாந்தம்மாள் உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"போலீசுக்குச் சொல்லிடு" என்றார் அவர்.

ஸ்ரீலேகா ஏற்கெனவே டயல் செய்திருந்தாள்.

மத்தியானம் போலீஸ்காரர்கள் சாதாரண உடையில் வந்தார்கள். கண்ணாடி ஏற்றிய காரில் பெரிய மனிதரும் அவர் பெட்டியும் போயின. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சாயங்காலம் சாந்தம்மாளின் வீட்டு வாசலில் லயமே கூடிவிட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

அவள் புருஷன் செல்லத்துரை அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "காய்ச்ச இல்லையே. டிஸ்பென்சரிக்குப் போவமா?" உண்மையாகவே பயந்துபோயிருந்தார்.

"பெரிய இடத்து வேலை கெடச்சதும் நாமெல்லாம் தூசி ஆயிட்டோம்" என்று ரிஞ்சு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் விஷயத்தை மட்டும் ஊரெல்லாம் சொன்னாயே என்கிற ஆங்காரம் அதில் இருந்தது. சாந்தம்மாளுக்குச் சுருக்கென்றது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அவள் திறக்காவிட்டால் என்ன, மற்றவர்களுக்கு வாய் இல்லையா? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு ஒரு கார் போதும். "நெருப்பில்லாம புகையுமா?" என்றாள் செல்வலட்சுமி. "காலைல ஒரு பொட்டப்பிள்ள அண்டாகிட்ட நின்னு அழுதுக்கிட்டு இருந்துச்சு. நான் பாத்தேன். அந்த வெளிநாட்டுக் கூட்டத்துல ஒருத்தி, நெட்டையா, ரெட்டைச் சடை..."

"அவ என்ன செஞ்சாளோ, பாவம் அந்த மனுசன்!" என்றது ஒரு குரல்.

சாந்தம்மாள் எழுந்து நின்றாள்.

"அந்தப் பிள்ள அழுதது பயத்துல. நான் செஞ்ச காரியத்தப் பாத்துட்டு அழுதுச்சு. அந்த ஆளு கால் மேல கொதிக்கிற தண்ணிய ஊத்திப்புட்டேன். வாளி கை நழுவிருச்சு. செல்வலட்சுமி நிமிர்ந்து பாக்குறதுக்குள்ள அவரு நொண்டிக்கிட்டே போயிட்டாரு. ஆசுபத்திரிக்குத்தான் கொண்டு போயிருக்காக."

 லயமே கொல்லென்று சிரித்தது. சாந்தம்மா சொன்னால் நெசந்தானே! "இனிமே எந்த முகாம்லயும் உன்னை வேலைக்குக் கூப்பிடமாட்டாக" என்று செல்லத்துரை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ரிஞ்சுவின் கோபம் போன இடம் தெரியவில்லை. நகர்ந்து வந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

"எந்தக் கால்ல சேச்சி?"

பார்க்காததைச் சொல்லிச் சாந்தம்மாளுக்குப் பழக்கமில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"ரெண்டுலயுந்தான்" என்றாள்.

இப்போதும் எஸ்டேட்டில் அவள் குடம் எடுத்து வந்தால் ஆண்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அவளும் சிரித்துவைக்கிறாள். அந்த நெட்டைப் பிள்ளையைப் பற்றி அதன் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.