கம்பு பிடித்த வீரலட்சுமி

வீரலட்சுமியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது என்கிறாள் என் வீட்டுக்காரி லத்தீபா. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். நான் சபியுல்லா, பூவங்குடி பஸ் ஸ்டாப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த ஊரில் யார் யார்மீது என்ன மனு கொடுத்தார்கள் என்பது கலெக்டருக்குத் தெரியுமோ இல்லையோ, எனக்குத் தெரியும்.

வீரலட்சுமிக்கு நாற்பத்திரண்டு வயது. நூறு நாள் வேலை, கடலை பிடுங்குவது, கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவுவது என்று எதற்கும் போவாள். புருஷன் செம்மலை லாரி டிரைவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். ஊரில் பாதிப் பேருக்கு அவள் "ஏய் வீரி". மீதிப் பேர் அதுவும் சொல்லாமல் கையைத் தட்டிக் கூப்பிடுவார்கள்.

போன சித்திரையில் அதிவேக ரயிலுக்குப் பாதை பார்க்க ஆட்கள் வந்தார்கள். சிங்கம்புணரிக்கும் நெற்குப்பைக்கும் நடுவே எங்கேயோ ஸ்டேஷன், எங்கள் ஊர் வழியாகத் தண்டவாளம் என்று பேச்சு. ஊர் முழுக்க ஒரே கொள்கைதான்: ஸ்டேஷன் நம் வீட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும், தண்டவாளம் அடுத்தவன் வீட்டைப் பிளந்துகொண்டு போக வேண்டும்.

சர்வே எஞ்சினியர் ஸ்ரீநிவாசன் சென்னைக்காரர். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முக்காலியில் வைத்த மிஷினை ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். தூரத்தில் ஒருவர், கண்ணாடி பொருத்திய நீளக் கம்பை ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் "ஓகே" என்றதும் அந்த இடத்தில் முளையடித்துச் சிவப்புப் பெயிண்ட் பூசுவார்கள். கம்பு பிடிக்க ஆள் கேட்டார். வீரலட்சுமி போனாள்.

ஊர் என்ன பார்த்தது? வீரலட்சுமி நிற்கிற இடத்தில் சிவப்பு விழுகிறது. அவ்வளவுதான், ரயில் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்கிறவளே அவள்தான் என்று தீர்மானித்துவிட்டது. எஞ்சினியரை ஒரு நாய்கூடச் சீந்தவில்லை. பாவம், அந்த மனிதர் குடிக்கத் தண்ணீர் கேட்டால், "இருங்க, அந்தம்மாவுக்குக் குடுத்துட்டு வாரேன்" என்றார்கள்.

முதல் காபி சிட்டாள் ஆச்சி வீட்டிலிருந்து போனது. ஆச்சியின் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பாதி வீட்டை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாக நடத்துகிறார். தன் கொல்லையில் கம்போடு ஆள் நிற்பதைப் பார்த்ததும் ஆச்சி வேலைக்காரியைக்கூட அனுப்பவில்லை. வெள்ளி டம்ளரில் காபியும் தட்டில் ஆறு வெள்ளைப் பணியாரமுமாக அவரே வந்தார்.

"சாப்புடுங்க வீரலட்சுமி. இந்த வேகாத வெயில்ல நிக்கிறீகளே! கொஞ்சம் மேக்கால, அங்குட்டுத் தள்ளி நின்னா நெழலா இருக்கும்ல?"

"ஆச்சி, நான் கம்பு புடிக்கிறவ. அவரு நிக்கச் சொன்ன எடத்துல நிக்கிறேன்."

"அதான் தெரியுமே! பெரிய மனுசி வாயத் தொறந்து சொல்லுவாகளா?" என்று ஆச்சி கண்ணைச் சிமிட்டினார்.

அதன் பிறகு வீரலட்சுமி எதைச் சொன்னாலும் ஊர் கண்ணைச் சிமிட்டியது. மேலத்தெரு பாண்டியராஜன் தன் பேத்தி காதுகுத்துக்கு வைத்த பிளெக்ஸில், தாய்மாமனுக்கு மேலே கம்போடு அவள் படம். கீழே, "சிவகங்கைச் சீமையின் அடுத்த வீரமங்கையே வருக!" அந்த பிளெக்ஸை டிசைன் செய்தவன் நான்தான். அதோடு நிற்கவில்லை. கடையில் ஃபேனுக்கு நேர் கீழே அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டேன். வேறு யாராவது உட்கார்ந்தால் எழுப்பிவிடுவேன்.

"பாய், நெசமாத்தான் சொல்றேன். நான் வெறுங் கம்பு புடிக்கிறவ."

"ஆமா ஆமா," என்று நானும் கண்ணைச் சிமிட்டினேன்.

முதலில் கூச்சப்பட்டாள். பிறகு அவளும் மனுஷிதானே, ஒருநாள் காபி வரத் தாமதமானபோது ஆச்சி வீட்டுப் பக்கம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாளாம். கம்பு ஆடிவிட்டது என்று எஞ்சினியர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

ஆவணியில் வரைபடம் பஞ்சாயத்து ஆபீஸில் ஒட்டப்பட்டது. கோடு ஆச்சி வீட்டையும் என் கடையையும் விட்டு விலகி, மேற்கே கண்மாய் ஓரத்துக் கருவேலங்காட்டைத் தாண்டி, மேட்டில் ஏறி, வீரலட்சுமி வீட்டின் நட்டநடுவில் போனது.

இரண்டே அறை, மேலே சிமெண்ட் கூரை. "நல்ல பணம் குடுப்பாக, வேற கட்டிக்க" என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கொழுந்தன் வீட்டுச் சாய்ப்பில், கதவில்லாமல் சேலையைத் திரையாகக் கட்டிக் குடியிருந்தவள் அவள். "உள்ள போயித் தாப்பாப் போட்டா, இனி ஒருத்தரு தட்டிட்டுத்தான் வரணும். அது எனக்கு இந்த வீட்டுலதான் கெடச்சுச்சு பாய்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

ஊர் வேறு விதமாகக் கலங்கியது. "நமக்காகத் தன் வீட்டுப் பக்கமே திருப்பிவிட்டுட்டாளே, மகராசி!" என்று மாலை வாங்கி வந்து போட்டார்கள். மாலையோடு அவள் என் கடைக்கு வந்து, ஆட்சேபணை மனு எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன், காசு வாங்கவில்லை. ஊர்க்காரர்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டால் மனுவுக்குக் கனம் என்று நானே சொல்லிக் கொடுத்தேன்.

அங்கேதான் ஊரின் சாயம் வெளுத்தது. ஆச்சி, "எம்புட்டுப் பெரிய தியாகம்! அத நீங்களே கெடுத்துக்கலாமா?" என்றார். பாண்டியராஜன் மூக்குக்கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டே, அது இல்லாமல் படிக்க முடியாது என்று அதைத் தேடினார். கடைசியில் என்னிடம் வந்தாள்.

"நான் மனு எழுதுறவன் வீரலட்சுமி. எழுதுறவன் கையெழுத்துப் போட்டாச் செல்லாது."

அப்படி ஒரு சட்டம் உலகத்தில் கிடையாது. கோடு இந்தப் பக்கம் திரும்பினால் முதலில் போவது என் கடை. அவள் ஃபேனுக்குக் கீழே பார்த்தாள். நாற்காலியை நான் ஏற்கெனவே உள்ளே எடுத்து வைத்திருந்தேன். மனுவை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று லத்தீபா தட்டை என் முன்னால் வைத்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். "ஒரு கையெழுத்துப் போட ஒங்க கை என்ன வெந்தா போச்சு?"

ஐப்பசியில், மூன்று நாள் அடைமழைக்கு நடுவே சமுதாயக் கூடத்தில் விசாரணை. நில எடுப்புத் தாசில்தார் அம்மா மனுவைப் படித்துவிட்டு, "மேட்டுக்கு இந்தப் பக்கம் தரிசுன்னு சர்வே சொல்லுது. ஒரே ஒரு வீடு. வேற யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தோம்.

வீரலட்சுமி எழுந்தாள். "அம்மா, தரிசுன்னு எழுதுன எடத்துல நான் மறுபடியும் நின்னு காட்டுறேன். பாத்துட்டு எழுதுங்க."

அந்தத் தரிசு என்பது எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற கால்வாய். பதினேழு வருஷத்துக்கு முன்னால் உடைப்பெடுத்துத் தடம் மாறியது, வரைபடத்தில் இன்னும் பழைய இடத்திலேயே ஓடுகிறது. சித்திரையில் பார்த்தால் வெறும் கருவேலங்காடுதான். அதன் குறுக்கே மண்மேடு போட்டுத் தண்டவாளம் வைத்தால் கண்மாய்க்கு ஒரு சொட்டு வராது. கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். வாயைத் திறந்தால் கோடு நம் பக்கம் வந்துவிடுமே! அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். அப்புறம் என்றால் எப்போது, கண்மாயில் கிரிக்கெட் ஆடும்போதா? இப்போது நினைத்தாலும் என்மீதே எரிச்சல் வருகிறது.

இடத்துக்குப் போனோம். செந்தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. குடைக்குக் கீழே எஞ்சினியர் மிஷினை வைத்தார். வீரலட்சுமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்போடு தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. எஞ்சினியர் பழக்க தோஷத்தில், "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... ஓகே!" என்றார்.

"சார், சித்திரையில எங்க நின்னேனோ அங்கதான் நிக்கிறேன். சரியாப் பாத்துக்கங்க!" என்று தண்ணீருக்குள்ளிருந்து கத்தினாள்.

மிஷின் காட்டிய எண் சித்திரையில் எழுதியதிலிருந்து ஒரு விரற்கடைகூட மாறவில்லை. எஞ்சினியர் முகத்தில் ஈயாடவில்லை. "மேடம், இந்த இடத்துலதான் நான் தினம் மத்தியானம் பாய் விரிச்சுப் படுத்திருந்தேன்" என்றார்.

தாசில்தார் அம்மா எங்கள் பக்கம் திரும்பி, "ஊர்க்காரங்க யாருமே சொல்லலையே?" என்றார். நாங்கள் மழையைப் பார்த்தோம்.

தை மாதம் மறுபடியும் சர்வே. இந்தத் தடவை கோடு கிழக்கே. கம்பு பிடிக்க எஞ்சினியர் வேறு யாரையும் கேட்கவில்லை, நேரே வீரலட்சுமி வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். முதல் முளை ஆச்சியின் கொல்லையில் விழுந்தது. அடுத்தது என் கடை வாசல்.

ஆச்சி காபியோடு ஓடி வந்தார். "வீரலட்சுமி, தங்கமே, கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி..."

"நான் கம்பு புடிக்கிறவ" என்று சொல்லுவாள் என எதிர்பார்த்தேன். அவள் டம்ளரை நிதானமாக வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். "போன தடவ பணியாரமும் வந்துச்சே ஆச்சி?" என்றாள். ஆச்சி அந்த வயதிலும் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே!

நான் உள்ளே போய் நாற்காலியை எடுத்துவந்து துடைத்துப் போட்டேன். சட்டைப் பையில் இருந்த என்னுடைய ஆட்சேபணை மனுவை மெல்ல நீட்டினேன். நாலு கையெழுத்து வேண்டும், இதுவரை லத்தீபாகூடப் போடவில்லை.

வீரலட்சுமி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மனுவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீக பாய். ஆனா நான் கம்பு புடிக்கிறவளாச்சே. கம்பு புடிக்கிறவ கையெழுத்துப் போட்டாச் செல்லாதுல்ல?"