இடுப்பு உயரத்தில் ஒரு கீறல்

என் தங்கை மருமகனுக்குக் கார் பெயின்ட் பட்டறையில் சோதனை வேலை. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மயிரிழைக் கீறலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஒருநாள் மூன்று கார்களின் கதவிலும் இடுப்பு உயரத்தில் ஒரே மாதிரி கீறல் கண்டார். பாலிஷ் போட்டது என் தங்கை மகன், அவருடைய மச்சினன்.

"நாளையிலேருந்து அவன் வரவேணாம்," என்றார் முதலாளி.

"மாமா, நான் மெத்துன்னு இருக்கிற துணியாலதான் துடைச்சேன்!" என்றான் மச்சினன்.

மருமகன் நான்காவது காரில் விளக்கைப் பிடித்துச் சாய்ந்தார். கிர்ரென்று சத்தம். குனிந்து பார்த்தால் அவருடைய பெல்ட் கொக்கி.

"முதலாளி, கீறினது நான்தான். அவனை விட்டுடுங்க."

"எல்லாம் எங்க அக்கா சமையல், மாமா! தொப்பை முந்திக்கிட்டுப் போகுது," என்றான் மச்சினன்.

அவன் வேலை தப்பியது. மருமகன் அன்றுமுதல் பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு கையில் விளக்கும் மறு கையில் நழுவும் கால்சட்டையுமாகத்தான் சோதனை செய்கிறார்.